படுத்தால் வரும் வலி

எங்க ஊரில் ஒருத்தன் உருப்படுவானா மாட்டானா என்பதைக் காலை அஞ்சரை மணிக்கே முடிவு பண்ணிவிடுவார்கள். அஞ்சரைக்குப் பால் சொசைட்டி திறந்துவிடும். ஆறு மணிக்கு வெங்காய நடவுக்கு ஆள் ஏற்ற வண்டி வந்து நிற்கும். மும்முனைக் கரண்டு எந்த நேரத்துக்கு வருதோ அந்த நேரத்துக்கு எந்திரிச்சுப் போய் மோட்டாரைப் போடணும். இதில் எதிலேயும் கண்ணில் படாத இளவட்டப் பையன் ஒருத்தன், எட்டு மணிக்கு வாசலில் வந்து பல் விளக்கிக்கொண்டு நின்றால் போச்சு. "இப்பதான் தொரைக்கு விடிஞ்சுதா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார்கள்.

நானும் அப்படிப் போட்டவன்தான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போட்டவன். அதனால்தான் இந்தப் பதிவு.

என் அக்கா மகனுக்கு இப்போ வயசு 34. அவன் அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். அக்கா எங்க வீட்டோடு வந்துவிட்டது. தாய்மாமன் என்கிற முறையில் படிக்க வச்சது, அடிச்சது, திட்டினது எல்லாம் நான்தான். இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க மாமா. தண்ணி ஊத்துன கதையையும் மறக்காம எழுதுங்க" என்று சிரித்தான்.

தண்ணீர் ஊற்றின கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போ அவனுக்கு 21 வயசு. டிப்ளமா முடிச்சுட்டு வீட்டில் இருந்தான். சாயங்காலம் ஆனா வாலிபால் ஆடுவான், நெட்டுக்கு மேலே எழும்பி அடிப்பான். ராத்திரி சாப்பிட்டுப் படுப்பான். காலையில் எழுப்பினா எந்திரிக்க மாட்டான். "அஞ்சு நிமிஷம் மாமா, அஞ்சு நிமிஷம்" என்பான். அந்த அஞ்சு நிமிஷம் ஏழரை மணி வரைக்கும் போகும். வெங்காய அறுவடை சமயம் ஒரு நாள், ஆள் எல்லாம் காட்டுக்குப் போயாச்சு, இவன் கட்டிலில் கிடக்கிறான். குடத்துத் தண்ணீரை எடுத்து அப்படியே மூஞ்சியில் ஊற்றினேன்.

அவன் துள்ளி எந்திரிக்கவில்லை. 21 வயசுப் பையன் மேல் பச்சைத் தண்ணீர் விழுந்தா துள்ளத்தானே வேணும்? மெதுவா ஒரு பக்கமா ஒருக்களிச்சான். கட்டில் சட்டத்தைக் கையால் பிடிச்சான். ரெண்டு காலையும் கீழே தொங்கவிட்டான். அப்புறம் முழங்காலில் கையை ஊன்றி, எண்பது வயசுக் கிழவன் மாதிரி எந்திரிச்சான். நான் அதைக் கண்ணால் பார்த்துக்கிட்டுதான் நின்றேன். அப்போ எனக்குத் தெரிஞ்சதெல்லாம் 'திமிர், வேணும்னே மெதுவா எந்திரிக்கிறான்' என்பதுதான்.

ராத்திரியில் அவனுக்கு என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு, ஒரு மணி வரைக்கும் நல்லாத் தூங்குவானாம். அதுக்கு மேலே இடுப்புக்குக் கீழே, பின்பக்கம், உள்ளுக்குள்ளே ஒரு வலி எழுப்பிவிடும். ஒரு ராத்திரி வலது பக்கம், இன்னொரு ராத்திரி இடது பக்கம். புரண்டு படுக்கணும்னா முழுசா விழிச்சு, யோசிச்சுத்தான் புரளணும். மூணு மணிக்கு மேலே படுக்கவே முடியாது. எந்திரிச்சுப் போய் களத்தில் நடப்பான். அரை மணி நேரம் நடந்தா வலி குறையும். அக்கா ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டு, பையன் யாரோ பொண்ணுகூட போன் பேசுறான் போலிருக்கு என்று நினைச்சுக்கிட்டுப் படுத்துவிட்டது. நாலு மணிக்குத் திரும்பி வந்து படுக்கிறவனை அஞ்சு மணிக்கு நான் எழுப்பியிருக்கிறேன்.

நமக்குக் குழப்பம் எங்கே வந்ததுன்னா, எனக்கும் முதுகுவலி உண்டு. மண்வெட்டி பிடிக்கிற எவனுக்கும் உண்டு. நாள் பூரா குனிஞ்சு வரப்புக் கழிச்சா சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகும். சாப்பிட்டுப் படுத்தா காலையில் சரியாகிவிடும். எனக்குத் தெரிஞ்ச முதுகுவலி அது ஒண்ணுதான். வேலை செய்தா வரும், படுத்தா போகும். இவனுக்கு வேலை செய்தா போகுது, படுத்தா வருது என்றபோது, இது வலியே இல்லை, பொய் என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் பந்தாட முடியுது, காலையில் மாட்டைப் பிடிச்சுக் கட்ட முடியலையா என்று கேட்டேன். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது என்று எனக்குப் புரிய ஏழு வருஷம் ஆச்சு.

அந்த ஏழு வருஷத்தில் என்னென்ன பண்ணினோம் என்று சொன்னா, நீங்க சிரிப்பீங்க, இல்லை கோபப்படுவீங்க. உடம்பு சூடு என்று எண்ணெய் வச்சுக் குளிக்கச் சொன்னோம். சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிட்டுப் போனோம். அவர் குப்புறப் படுக்கவச்சு முட்டியை இடுப்பில் ஊன்றித் திருப்பினார். மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டா அன்னைக்கு மட்டும் ராஜா மாதிரி எந்திரிப்பான். அதைக் கணக்கில்லாமல் போட்டு வயிற்றில் புண் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு, ஒரு மாசம் பெட் ரெஸ்ட், இந்தப் பெல்ட்டைப் போட்டுக்கோ என்றார்கள். அந்த ஒரு மாசப் படுக்கைதான் அவனை உண்மையிலேயே முடக்கினது. எந்திரிச்சபோது முன்னாடியைவிட விறைப்பா இருந்தான். அப்புறம் ஒருத்தர் பொட்டலத்தில் வெள்ளைப் பொடி கொடுத்தார். நாலு மாசம் அற்புதமா கேட்டது. அதுக்குள்ளே முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. நிறுத்தினதும் வலி பழையபடி வந்து உட்கார்ந்தது.

கடைசியில் நோயைக் கண்டுபிடிச்சது ஒரு கண் டாக்டர். இதுதான் இதில் வேடிக்கை. ஒரு நாள் அவனுக்கு ஒரு கண் மட்டும் ரத்தமாச் சிவந்து, வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் வலித்தது. மெட்ராஸ் ஐ என்று நினைச்சு ரெண்டு நாள் விட்டோம். பீளையும் இல்லை, ஒட்டவும் இல்லை, வலி மட்டும் ஏறிக்கிட்டே போனது. திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா விளக்கு அடிச்சுப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள்ளே வீக்கம் இருக்கு என்று சொல்லி, கண்ணைப் பற்றி அதுக்கு மேலே எதுவுமே கேட்காமல், "தம்பி, உங்களுக்கு முதுகுவலி இருக்கா? காலையில எந்திரிக்கும்போது விறைப்பா இருக்குமா? நடக்க நடக்கக் குறையுமா?" என்று கேட்டார். ஏழு வருஷத்தில் அவனிடம் அந்தக் கேள்வியை வேறு யாருமே கேட்டதில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அங்கிருந்து மூட்டு வாத நோய் டாக்டரிடம் அனுப்பினார்கள். ருமட்டாலஜி என்று போர்டு போட்டிருந்தது. அவர் "காலையில கட்டில்ல இருந்து எப்படி எந்திரிப்பீங்கன்னு செஞ்சு காட்டுங்க" என்றார். ஒருக்களிச்சு, சட்டத்தைப் பிடிச்சு, காலைத் தொங்கவிட்டு, முழங்காலில் கை ஊன்றி எந்திரிச்சுக் காட்டினான். நான் தண்ணீர் ஊற்றின அன்னைக்குப் பார்த்தேனே, அதே மாதிரி.

நோயின் பேரு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். எனக்கு வாயில் நுழைய ஒரு வாரம் ஆச்சு. டாக்டர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்கிறேன். காட்டுக்குக் காவலாக வச்ச நாய் நம்ம ஆட்டையே கடிக்கிற மாதிரி, நோய்க்கிருமியை விரட்ட வேண்டிய உடம்பு எதிர்ப்பு, சொந்த எலும்பு மூட்டைப் போய் தாக்குகிறது. முதலில் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் சேருகிற இடத்தில் பிடிக்கும். நார் வந்து எலும்பில் ஒட்டுகிற இடமெல்லாம் வீங்கும், குதிகால்கூட. (17 வயசில் அவன் குதிகால் வலிக்குது என்றபோது செருப்பைக் குறை சொல்லி வேற செருப்பு வாங்கிக் கொடுத்தேன்.) பல வருஷம் இப்படி வீங்கி வீங்கி ஆறும்போது, ஆறுகிற இடத்தில் புதுசா எலும்பு வளர்ந்து, ஒரு முள்ளெலும்புக்கும் அடுத்த முள்ளெலும்புக்கும் நடுவில் பாலம் போட்டுவிடும். கடைசியில் தண்டு பூரா ஒரே கம்பு. முற்றிப்போன ஒருத்தருடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிச்சுக் காட்டினார். கணு கணுவாக, அசல் மூங்கில். டாக்டர்களே அதை மூங்கில் முதுகு என்றுதான் சொல்வார்களாம். எங்க மூங்கிலாவது காற்றுக்கு வளையும், இது வளையாது.

இது பெரும்பாலும் 20 வயசை ஒட்டி, அதுக்கு முன்னே பின்னே ஆரம்பிக்கிறது. 45 வயசுக்கு மேலே புதுசா ஆரம்பிக்கிறது அபூர்வம். எச்.எல்.ஏ. பி27 என்று ரத்தத்தில் ஒரு குறி பார்க்கிறார்கள். இந்த நோய் உள்ள ரொம்பப் பேருக்கு அது இருக்கும். ஆனா அது இருக்கிறவர்களில் முக்கால்வாசிக்கும் மேலே நோய் வராமலே வாழ்ந்துவிடுகிறார்கள். ரத்தத்தில் வீக்கம் காட்டுகிற டெஸ்ட் நார்மலாகவே இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிய வருஷக்கணக்காகும். அதனால் "எல்லா டெஸ்ட்டும் நார்மல், உங்க பையனுக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்கிறவர் வேணும்னு பொய் சொல்லவில்லை. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் இதைப் பிடிக்கணும். இவன் சொன்னதை நாங்க கேட்கவில்லை.

அந்த டாக்டரிடம் போகிற நாளில் நாலு மணி நேரமாவது வெளியே உட்கார வேண்டியிருக்கும். எங்க யாராலும் அங்கே நாலு மணி நேரம் உட்கார முடியாது என்பதுதான் கூத்து. பாதிப் பேர் எந்திரிச்சு வராந்தாவில் நடந்துக்கிட்டே இருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எதுக்கு இத்தனை பேர் உலாத்துறாங்க என்று நினைச்சேன். அப்புறம் பேச்சுக் கொடுத்தபோது ஒவ்வொருத்தர் கதையும் வந்தது.

ஒருத்தர் பஸ் டிரைவர். கழுத்து ஒட்டிப்போய்விட்டது. யாராவது கூப்பிட்டா மாடு திரும்புகிற மாதிரி முழு உடம்போடு திரும்புவார். ரொம்ப நாள் முதலாளிக்குத் தெரியாமல் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டிவிட்டாராம். "முன்னாடி போறதுக்கு ஒரு பிரச்சனையும் இல்லீங்க, பின்னாடிதான் பார்க்க முடியல" என்றார். இப்போ ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற வேலை பார்க்கிறார். தும்மல் வந்தா சுவரைப் பிடிச்சுக்குவேன் என்றார். விலா எலும்பு முதுகில் சேருகிற இடமும் இறுகிவிடுவதால், தும்மினா கத்தி சொருகின மாதிரி இருக்குமாம். என் மருமகனும் தலையை ஆட்டினான். அதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை.

இன்னொரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும். முதல் பிள்ளை பிறந்த சமயத்தில் ஆரம்பிச்ச வலி. ஆபரேஷன் பண்ணினப்போ முதுகில் போட்ட ஊசியால்தான் என்று எல்லாரும் முடிவு பண்ணிவிட்டார்கள். நம்ம ஊரில் பெண்களுடைய முதுகுவலிக்கெல்லாம் அந்த ஊசிதானே குற்றவாளி. அப்படியே எட்டு வருஷம் போய்விட்டது. இது ஆம்பளை நோய் என்று முன்னாடி டாக்டர்களே நினைச்சிருந்தார்களாம். பெண்களுக்கு எக்ஸ்ரேயில் தெரிவதும் மெதுவாகத்தான். அந்தப் பொண்ணு சொன்னது இன்னும் காதில் இருக்கு: "விடிகாலையில பிள்ளை அழும். நான் பொரண்டு எந்திரிக்கறதுக்குள்ள மாமியார் வந்து தூக்கிடுவாங்க. பெத்தவளுக்கு இல்லாத அக்கறைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் தூக்குவாங்க."

மூணாவது ஒரு பையன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவனுக்கு எங்க காடு மேடெல்லாம் பரவாயில்லை போலிருக்கு. நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தா இறுகிவிடும், அதனால் அடிக்கடி எந்திரிச்சு நடக்கிறான். மேலே இருக்கிறவர் கூப்பிட்டு, "டீ குடிக்கறதைக் கொஞ்சம் குறைச்சுக்கப்பா" என்றாராம். அவன் ஒண்ணும் சொல்லவில்லை. நோய் என்று சொன்னா அடுத்த தடவை ஆள் குறைக்கும்போது தன் பேரு முதலில் வரும் என்று பயம். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அந்த மேலே இருக்கிறவராக இருக்கலாம். ஊரில் ஒரு வாத்தியாரோ மாமனோ செய்கிறதையே ஏசி ரூமில் உட்கார்ந்து நீங்களும் செய்கிறீங்க. அஞ்சரை மணி என்பது உங்களுக்கு ஒன்பதரை மணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நோய்க்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான இன்னொரு எரிச்சல், அந்தப் பேருதான். ஸ்பாண்டிலைடிஸ் என்று வாயைத் திறந்ததுமே, "அட, எனக்கும் கழுத்துல இருக்கு, தலகாணியை எடுத்துட்டுப் படு, சரியாயிடும்" என்பார்கள். அது வயசானா வருகிற தேய்மானம். அதுவும் வலிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனா அங்கே எலும்பு தேயுது, இங்கே எலும்பு வளருது. அங்கே படுத்தா சுகம், இங்கே படுத்தா வலி. ரெண்டுக்கும் பேரில்தான் ஒற்றுமை.

இப்போ எப்படி இருக்கிறான் என்று கேட்பீங்க. சொல்கிறேன்.

டாக்டர் முதலில் கொடுத்தது தினமும் சாப்பிடுகிற வீக்க மாத்திரை, வயிற்றுக்குத் துணை மாத்திரை, உடற்பயிற்சி. இதில் எது முக்கியம் என்று கேட்டதுக்கு, மூணாவதை விட்டா முதல் ரெண்டும் வீண் என்றார். கயிற்றுக் கட்டில் போச்சு, பலகைக் கட்டில் வந்தது. தலைகாணி மெல்லிசு. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கணும், ஒட்டுகிற எலும்பு ஒட்டினாலும் கூன் விழாமல் நேராக ஒட்டணும் என்பதுக்காக. காலையில் வெந்நீர் குளியல், அப்புறம் சுவரில் முதுகைச் சாய்ச்சு நிமிர்கிறது, மூச்சை நெஞ்சு விரிய இழுக்கிறது. பீடி குடிச்சா நோய் வேகமாக ஓடும் என்றார். அவன் திருட்டுத்தனமாகக் குடிச்சது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். விட்டுவிட்டான்.

ரெண்டு வருஷம் கழிச்சு மாத்திரைக்கு அடங்காதபோது ஊசி போடச் சொன்னார்கள். அதுக்கு முன்னாடி டி.பி. இருக்கா என்று டெஸ்ட் பண்ணினார்கள், ஏனென்றால் அந்த ஊசி உடம்பு எதிர்ப்பைக் குறைக்கிறது, உள்ளே தூங்குகிற டி.பி. எந்திரிச்சுவிடும். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. மூணாவது மாசம் ஒரு நாள் காலை அஞ்சே முக்காலுக்கு நான் கட்டுத்தறிக்குப் போனா, அங்கே அவன் சாணி அள்ளிக்கிட்டு நிற்கிறான். யாரும் எழுப்பவில்லை. வலி எழுப்பவில்லை, அதனால் தூங்கி, அதனால் எந்திரிச்சிருக்கிறான். அன்னைக்குத்தான் எனக்கு முழுசா உறைச்சது. இவன் சோம்பேறியே இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆனா ஊசி விலை பல ஆயிரம். அந்த வருஷம் சின்ன வெங்காயம் விலை பறிக்கிற கூலிக்குக்கூட கட்டவில்லை. எட்டு மாசத்தில் ஊசியை நிறுத்தினோம். ரெண்டே மாசத்தில் விறைப்பு திரும்பியது. இப்போ அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, ரொம்ப முடியாதபோது மட்டும் கடன் பண்ணி ஊசி போடுகிறோம். இது சரியான வழி இல்லை என்று டாக்டரும் சொல்கிறார், எங்களுக்கும் தெரியுது. இதுக்குள்ளே இடுப்புப் பக்கம் ரெண்டு மூணு கணு ஒட்டிவிட்டது. ஒட்டினது ஒட்டினதுதான், எந்த ஊசியும் பிரிக்காது. வலி தெரிய ஆரம்பிச்சபோதே கண்டுபிடிச்சிருந்தா, ஒட்டுகிறதுக்கு முன்னாடியே வைத்தியம் பார்த்திருக்கலாம். அந்த ஏழு வருஷத்தில் நல்ல பங்கு என் கணக்கில்தான் இருக்கு.

ஒரு விஷயம் எல்லாருக்கும் பயன்படும், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒட்டின எலும்பு கெட்டியாக இருக்கும் என்று நினைக்காதீங்க, சட்டென்று உடையும். சாதாரணமாக வழுக்கி விழுந்தாலே ஆபத்து. முடி வெட்டினதும் சலூனில் தலையைப் பிடிச்சு 'டக்'கென்று ஒரு சொடுக்கு எடுப்பார்களே, அது இவர்களுக்குக் கூடவே கூடாது. நானே எங்க ஊர் சலூனுக்குப் போய், "இவன் கழுத்துல மட்டும் கை வைக்காதப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சுளுக்கு எடுக்கிறவரிடம் முட்டியை ஊன்றித் திருப்பக் கொடுத்தோமே, அதை நினைச்சா இன்னைக்கும் வயிற்றைக் கலக்குது.

சரி, இதில் நான் சொல்ல வருகிறது என்ன?

முதலாவது, எங்களை மாதிரி வீட்டுப் பெரியவங்களுக்கு. வயசுப் பிள்ளை முதுகுவலி என்று சொன்னா மூணு கேள்வி கேளுங்க. மூணு மாசத்துக்கு மேலே இருக்கா? காலையில் அரை மணி நேரத்துக்கு மேலே விறைப்பா இருக்கா? படுத்தா கூடுதா, நடந்தா குறையுதா? மூணுக்கும் ஆமாம் என்றால் சுளுக்கு எடுக்கவும் வேண்டாம், பெட் ரெஸ்ட்டும் வேண்டாம், மூட்டு வாத டாக்டரைத் தேடுங்க. எல்லா முதுகுவலியும் இது இல்லை, பத்துப் பேர் முதுகுவலி என்றால் அநேகமா பத்தும் சாதாரண வலியாகத்தான் இருக்கும். ஆனா கேட்கிறதுக்குக் காசு கிடையாது.

ரெண்டாவது, அரசாங்கத்துக்கு. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சார்கள். வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. நல்ல திட்டம், எங்க அம்மாவுக்கே உதவியிருக்கு. வீட்டுக்கு வருகிற அந்தப் பொண்ணுங்க நோட்டில் இந்த மூணு கேள்வியும் ஏறணும். ஏனென்றால் அவங்க பெரியவங்களைத் தேடித்தான் வர்றாங்க, இந்த நோய் இளவட்டங்களைத் தேடி வருது.

மூணாவது, ஊனச் சான்று. 2016 சட்டத்தில் 21 வகை குறைபாடு சொல்லியிருக்கு. இந்த நோய் அதில் பேரு போட்டு இல்லை, கை கால் முதுகு அசைவுக் குறைபாடு என்பதில்தான் வரணும். 40 சதவீதம் இருந்தால்தான் சலுகை. இவனைக் கூட்டிப் போன முகாமில் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி அளந்தார்கள். மணி பதினொன்றரை. பதினொன்றரைக்கு அவன் நல்லாத்தான் குனிவான். இதே ஆளை விடிகாலை அஞ்சு மணிக்கு அளந்தா வேற கணக்கு வரும். எத்தனை டிகிரி குனிகிறான் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குனிய முடியாமல் இருக்கிறான் என்பதையும் அளந்தால்தான் அது நியாயமான அளவு.

கடைசியா வேலை நேரம். "நீ சொல்றது எல்லாம் சரி, வெங்காய நடவைப் பத்து மணிக்கு ஆரம்பிக்க முடியுமா, வெயில் கொன்னுடாதா?" என்று எங்க ஊரிலேயே கேட்டார்கள். முடியாதுதான். எல்லா வேலையையும் இவனுக்காகத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஆனா விவசாயத்தில் விடிகாலை வேலை மட்டுமா இருக்கு? எங்க வீட்டில் மாற்றிக்கிட்டோம். காலைக் கறவை நான், சாயங்காலக் கறவை அவன். மருந்தடிக்கிற டேங்க்கை முதுகில் தூக்குவது நான், மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டுகிறது அவன். நடந்துக்கிட்டே செய்கிற வேலை அவனுக்கு மருந்து மாதிரி. கமிஷன் மண்டிக் கணக்கு, மானிய விண்ணப்பம், இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதைத் தட்டச்சு பண்ணி ஏற்றுவது எல்லாம் பத்து மணிக்கு மேலே அவன்தான். ஒரு நாளைக்கு அவன் எட்டு மணி நேரம் உழைக்கிறான். அந்த எட்டு மணி நேரம் ஊர் பார்க்கிற நேரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கல்யாணப் பேச்சு ஒண்ணு வந்திருக்கு. அக்கா, நோயைச் சொல்ல வேண்டாம் என்கிறது. அவன் முதல் நாளே சொல்லிவிட்டான், பெண் வீட்டாரிடம். "காலையில எட்டு மணிக்கு மேலதாங்க நான் மனுஷன்" என்று சொன்னானாம். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மறைச்சுக் கட்டி வச்சா, நான் அவனைத் திட்டினதை நாளைக்கு அந்தப் பொண்ணு திட்டும். அதனால் அவன் செய்தது சரி என்றுதான் நான் அக்காவிடம் சொன்னேன்.

நான் அவனிடம் மன்னிப்பு கேட்டதில்லை. மாமன் மருமகனிடம் அப்படிக் கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவன் ரூமைத் தாண்டித்தான் கட்டுத்தறிக்குப் போகணும். இப்போதெல்லாம் காலையில் பால் குடத்தைச் சத்தம் வராமல் தூக்கிக்கிட்டுப் போகிறேன். போகும்போது அடுப்பில் அவன் குளிக்க வெந்நீர் வச்சுவிட்டுப் போகிறேன். இன்னைக்குக் காலையில் வெந்நீரை எடுக்க வந்தவன், "இப்பெல்லாம் சூடா ஊத்துறீங்க மாமா" என்றான்.